பச்சை ஏறிய பஞ்சு

அத்தியாயம் ஏழு

"பாஸ், இந்தக் கடையோட பளபளப்பைப் பார்த்தா, உள்ள போறதுக்கு முன்னாடி நானே ஒருதடவை குளிச்சுட்டு வந்துடலாம்போல இருக்கு" என்றான் ரேடியோ.

பூட்டு சிரிக்கவில்லை. சிரிக்கக் கூடாது என்று வைராக்கியம் ஒன்றும் இல்லை. ஜோக் காதில் விழுந்தது, ஜோக் என்று புரிந்தது, அதோடு சரி. தங்கையின் கணவர் இறந்துபோன நாளிலிருந்து அவருக்கு எல்லாமே இப்படித்தான். காபி சூடாக இருப்பது தெரியும், நாக்கு சுடுவது தெரியாது. வீட்டில் எல்லாரும் அழுதபோது இவர் நாற்காலி எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். இன்னும் ஒரு சொட்டு வரவில்லை.

துப்பறியும் தொழிலில் இருக்கிறவர்கள் வைத்த பெயர்தான் பூட்டு. தன் வாயைத் திறக்கமாட்டார், எதிரில் இருப்பவன் வாயைத் திறக்கவைக்காமல் விடவும்மாட்டார். உதவியாளனுக்கு ரேடியோ என்று பெயர் வந்த காரணத்தை விளக்க வேண்டியதே இல்லை. அவனை அணைக்கத்தான் எங்கும் பொத்தான் கிடைக்கவில்லை.

காரின் பின் சீட்டில் தங்கை உட்கார்ந்திருந்தாள். வீட்டிலேயே இரு என்று சொல்லிப் பார்த்தாகிவிட்டது. மடியில் தண்ணீர் பாட்டில், மூடி திறக்காமல்.

"நீ உள்ள வர்றியாம்மா?"

"இல்லண்ணா. நான் இங்கேயே இருக்கேன்."

அவளுக்கு வேண்டியது ஒரே ஒரு பதில். போன மாதம் ஒரு காலைவேளையில் அவள் கணவர் ஸ்கூட்டரோடு சாலையோரப் பள்ளத்தில் கிடந்தார். வேலைக்குப் போகிற அவசரத்தில் சறுக்கி விழுந்துவிட்டார் என்று போலீஸ் எழுதி மூடிவிட்டது. ஆனால் அன்று காலை வீட்டில் சண்டை. ஒன்றுமில்லாத சண்டைதான், எதற்கு ஆரம்பித்தது என்று அவளுக்கே நினைவில்லை. முடிந்தவிதம் மட்டும் நினைவிருக்கிறது. "அப்படியே போயிடுங்க, திரும்பி வராதீங்க" என்று சொல்லிக் கதவைச் சாத்தியிருக்கிறாள்.

"கோபத்துல கண்ணுமண்ணு தெரியாம ஓட்டியிருப்பார். நான்தாண்ணா அவரைத் தள்ளிவிட்டேன். தானா விழுந்தாரா, யாராவது இடிச்சாங்களா? அதை மட்டும் கண்டுபிடிச்சுச் சொல்லு. வேற எதுவும் வேண்டாம்."

பூட்டு ஸ்கூட்டரைப் போய்ப் பார்த்தார். பின் மட்கார்டில் ஒரு வெள்ளைத் தீற்றல். யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை. அதைப் பிடித்துக்கொண்டு விசாரித்ததில், அந்தச் சாலையில் அந்த நேரம் ஒரு வெள்ளைக் கார் போனதைப் பார்த்த பஞ்சர் கடைக்காரர் கிடைத்தார். அவர் சொன்ன அடையாளம் ஒரு பல் டாக்டரின் காரில் போய் முடிந்தது. டாக்டரோ, அன்றைக்கு வண்டி என்னிடமே இல்லை, பாலிஷ் கடையில் இருந்தது என்று சாதித்தார்.

"பாலிஷ் போட்டா தடயம் எல்லாம் போயிடுமே பாஸ். கச்சிதமா இடிச்சுட்டு கச்சிதமா கொண்டுவந்து விட்டிருக்கார் டாக்டர்" என்று ரேடியோ வழியெல்லாம் தீர்ப்பு சொல்லிக்கொண்டே வந்தான்.

அந்தப் பாலிஷ் கடைதான் இது.

நீளமான கொட்டகை. தலைக்கு மேல் வரிசையாகக் குழல்விளக்குகள். தரையில் ஈரம், காற்றில் சோப்பு வாசனை. ஒரு மூலையில் கண்ணாடி அறை, அதற்குள் கண்ணாடி போட்ட முதலாளியம்மா. எதிர் மூலையில் தொட்டி. அங்கே ஒரு மனிதர் கையளவு வட்டப் பஞ்சு ஒன்றைத் தண்ணீருக்குள் அமுக்கி அமுக்கி எடுத்துக்கொண்டிருந்தார். சட்டையில் பொத்தான் தெரியவில்லை, மேலே துணி வைத்துத் தைத்து மறைத்திருந்தது. கையில் வாட்ச் இல்லை, மோதிரம் இல்லை, இடுப்பில் பெல்ட் இல்லை. கார்மேல் சாய்ந்தால் எதுவும் கீறக் கூடாதாம். இவர் கைபட்ட வண்டியில் முகம் பார்த்துத் தலை சீவலாம் என்பதால் கடையில் இவருக்குக் கண்ணாடி என்று பெயர்.

"எங்க வண்டிக்குப் பாலிஷ் போடணும். வெளியில நிக்குது" என்றான் ரேடியோ.

கண்ணாடி வாசல் பக்கம் எட்டிப் பார்த்தார். பூட்டின் காரை ஒரு நோயாளியைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"போடலாம். ஆனா வண்டியை முதல்ல கழுவி, எது பெயிண்ட் எது அழுக்குன்னு முடிவு பண்ணணும்."

"எங்களுக்கும் அந்தச் சந்தேகம் ரொம்ப நாளா இருக்கு."

பூட்டு தொட்டியருகே போய் நின்றார். "இதென்ன, இதையும் துவைக்கிறீங்க?"

அவ்வளவுதான். பூட்டின் வழக்கமான சாவி இதுதான். எதிரில் இருப்பவனுக்கு எது பிடிக்குமோ அதைக் கேட்டுவிட்டு ஓரமாக நிற்பது.

"மெஷின்ல மாட்டுற பேட் சார். இதைச் சுத்தமா வெச்சுக்கத் தெரியாதவன் பாலிஷ் போடவே கூடாது" என்று கண்ணாடி ஆரம்பித்தார். "ஒரு கதவு தேய்ச்சு முடிஞ்சதும் ஒருதடவை பிரஷ் போட்டுடணும். இல்லன்னா பாலிஷ் மருந்து உள்ளேயே காய்ஞ்சு கல்லாயிடும். அடுத்த கதவுல கீறலை எடுக்குறதுக்குப் பதிலா இதுவே கீறும். கீறல் எடுக்குற கரடு பேட் வேற, கடைசியா மினுமினுப்பு ஏத்துற மெத்து பேட் வேற. ஒண்ணுல தொட்ட மருந்தை இன்னொண்ணுல தொடக் கூடாது. சாயங்காலம் வெதுவெதுப்பான தண்ணியில கொஞ்சம் சோப்பு. முறுக்கிப் பிழியக் கூடாது, கிழிஞ்சுடும். இப்படி அமுக்கணும். அப்புறம் மெஷின்ல மாட்டி ஒரு வாளிக்குள்ள சுத்தவிட்டா மிச்சத் தண்ணி தெறிச்சுடும்."

"எங்கம்மாகூட என்னை இப்படிக் குளிப்பாட்டினதில்ல" என்றான் ரேடியோ.

"காயவெக்கிறதுதான் முக்கியம். நிழல்ல, குப்புற. மல்லாக்க வெச்சா தண்ணி பின்பக்கம் இறங்கி, மெஷின்ல ஒட்டுற பட்டையோட பசை விட்டுடும். அப்புறம் ஓடும்போதே தட்டு மாதிரி பறக்கும்."

சுவரோரம் கம்பி வலைமேல் பேட்கள் குப்புறப் படுத்துக் காய்ந்துகொண்டிருந்தன. பூட்டு ஒன்றைப் புரட்டிப் பார்த்தார். புதிது மாதிரி இருந்தது.

"வண்டியோட கலர் இதுல ஏறிடாதா?"

கண்ணாடியின் முகம் மாறியது. குழந்தைக்குப் பேன் இருக்கிறதா என்று கேட்டுவிட்ட மாதிரி பார்த்தார்.

"ஏறவே ஏறாது சார். இப்போ வர்ற வண்டிக்கெல்லாம் கலருக்கு மேல தெளிவா ஒரு பூச்சு இருக்கு. நாங்க தேய்க்கிறது அதைத்தான். பேட்ல மாவு மாதிரி வெள்ளையாத்தான் வரும். கலர் வந்துச்சுன்னா, தேய்ச்சவன் பூச்சைக் கிழிச்சுட்டான்னு அர்த்தம். அதுக்கு மேல அவன் இந்தத் தொழில்ல இருக்கக் கூடாது. என் கையில ஒரு வண்டிகூடக் கிழிஞ்சதில்ல."

பூட்டு தலையாட்டினார். அவர் நினைவு ஸ்கூட்டருக்குப் போய்விட்டது.

மாப்பிள்ளையின் ஸ்கூட்டர் பச்சை. கம்பெனிப் பச்சை இல்லை. வீட்டு கேட்டுக்கு அடித்தது போக மிச்சம் இருந்த பெயிண்டை மனிதர் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிரஷ்ஷால் தானே அடித்துவிட்டார். குடும்பமே விழுந்து விழுந்து சிரித்தது. மேல்பூச்சும் கிடையாது, ஒரு மண்ணும் கிடையாது. தொட்டால் கையில் வரும். அவருடைய பேண்ட் எல்லாவற்றிலும் முழங்கால் உள்பக்கம் பச்சைக் கறை. துவைக்கும்போதெல்லாம் தங்கை அவரை உண்டு இல்லை என்று ஆக்குவாள். அந்த ஸ்கூட்டரை இடித்த கார் எதுவானாலும் அதன்மேல் கேட்டுப் பச்சை ஏறியிருக்க வேண்டும். அந்தப் பச்சையைத் தேய்த்து எடுத்த பேட்டிலும் ஏறியிருக்க வேண்டும்.

வலையில் இருந்த எல்லாவற்றையும் அவர் ஒவ்வொன்றாகப் புரட்டிவிட்டார். மஞ்சள், ஆரஞ்சு, கறுப்பு. எதிலும் பச்சை இல்லை.

"நம்ம தடயமும் காய்ஞ்சு போச்சு பாஸ்" என்று ரேடியோ காதைக் கடித்தான். "குப்புற."

முதலாளியம்மாவின் கண்ணாடி அறையில் நிலைமை இன்னும் மோசமானது. பூட்டு யார் என்பதைச் சொன்னதும் முதலாளியம்மா பயப்படவில்லை, தயங்கவும் இல்லை.

"டாக்டர் சொன்னது நிஜம்தான். எங்க வார லீவுக்கு முந்தின நாளே வண்டி வந்துடுச்சு. சாயங்காலமே வேலை முடிஞ்சது. மறுநாள் லீவு, ஷட்டரை இறக்கிட்டோம். அதுக்கு அடுத்த நாள்தான் அவர் வந்து எடுத்தார். நீங்க சொல்ற அன்னைக்கு வண்டி பூட்டின கடைக்குள்ள நின்னுட்டிருந்தது."

"வேலை நல்லா இருந்துச்சா?"

"எங்க கண்ணாடி கை வெச்சா கேக்கணுமா?"

ரேடியோவின் முகம் தொங்கிப்போனது. பூட்டுக்கு ஏமாற்றம்கூட வரவில்லை. வெளியே காரில் ஒருத்தி காத்திருக்கிறாள், அவளிடம் போய் 'ஒன்றும் கிடைக்கவில்லை' என்று சொல்ல வேண்டும், சொன்னால் அவள் தலையாட்டுவாள், வாழ்நாள் முழுக்கத் தன்னைக் கொலைகாரியாக நினைத்துக்கொள்வாள். இதையெல்லாம் அவர் யாருடைய வீட்டுச் சங்கதியோபோல யோசித்துக்கொண்டிருந்தார்.

எழுந்திருக்கும்போது ஒரு கேள்வி மிச்சம் இருந்தது.

"பேட் பழசானா எங்கே போடுவீங்க?"

முதலாளியம்மா சிரித்தாள். "போட விட்டாத்தானே! விளிம்பு கிழிஞ்சா டயர் பக்கம் அனுப்பிடுவார். சக்கரம் தேய்க்க. அதோ, அந்தக் கறுப்பு வாளி. ஒவ்வொண்ணும் அங்கேயே கிடந்து தூளாகுற வரைக்கும் விடமாட்டார்."

பூட்டு வாளியைக் கவிழ்த்தார்; அடியில் தேங்கிய தண்ணீரும் கொட்டியது. சாம்பல் நிறத்தில், ஓரம் நைந்து, பட்டை உரிந்து, ஏழெட்டுக் கிழங்கள் விழுந்தன. நடுவில் ஒன்று மட்டும் வேறு மாதிரி. பம்பர் மூலைகளுக்குப் போடுகிற சின்ன அளவு. விளிம்பில் ஒரு பிசிறு இல்லை. பின்பட்டை புதுசாகச் சொரசொரத்தது.

"பென்ஷன்காரங்க நடுவுல காலேஜ் பையன்" என்றான் ரேடியோ.

பூட்டு அதை வெளிச்சத்தில் புரட்டினார். நன்றாகத் துவைத்திருந்தது, யார் துவைத்தாரோ அவர் கைப்பக்குவம் அப்படி. ஆனாலும் நடுவில், பஞ்சின் துளைகளுக்குள்ளே, அந்தக் கேட்டின் பச்சை. அதை அவர் எங்கு பார்த்தாலும் கண்டுபிடிப்பார். எத்தனையோ தடவை அந்தக் கேட்டைத் திறந்துகொண்டு உள்ளே போயிருக்கிறார்.

கண்ணாடி கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். முதலாளியம்மாவும் பின்னால் வந்து நின்றாள்.

"இவ்வளவு புது பேட் எப்படி இங்க வந்துச்சு?" என்று கேட்டார் பூட்டு.

"அதுவா..." கண்ணாடி கையை மறுபடி துடைத்தார். "கலர் ஏறிடுச்சு சார். ஒரு பச்சைக் கார் வந்துச்சு."

"பச்சைக் காரா?" என்றாள் முதலாளியம்மா. "நம்மகிட்டயா? எப்போ?"

"கலர் ஏறிச்சுன்னா, பூச்சு கிழிஞ்சிருக்கணுமே" என்றான் ரேடியோ. "நீங்கதானே இப்போ சொன்னீங்க? சரி விடுங்க, கைதவறிக் கிழிச்சிருப்பீங்க. பெரிய பெரிய ஆளுங்களே கிழிக்கிறாங்க."

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். கைதவறுவது எல்லாருக்கும் நடப்பதுதான். பூட்டு அந்த பேட்டைக் கீழே வைத்துவிட்டுப் போக வேண்டியிருந்திருக்கும். அந்த ஒரு வார்த்தை கண்ணாடியின் தொண்டைவரை வந்ததைப் பூட்டு பார்த்தார்.

"கண்ணாடி, நிஜமாவே கிழிச்சீங்களா?" முதலாளியம்மாவின் குரல் உயர்ந்தது. "என்கிட்ட ஏன் சொல்லல? அந்தக் கஸ்டமர் வந்து கேட்டா நான் எந்த முகத்தை வெச்சுக்கிட்டுப் பேசுறது?"

"நான் எந்த வண்டியையும் கிழிச்சதில்ல!"

கொட்டகையே அதிர்ந்தது. தன் குரலைக் கேட்டு அவருக்கே தூக்கிவாரிப் போட்டது. ஆனால் நிறுத்த முடியவில்லை.

"அது வண்டியோட பெயிண்டே இல்லம்மா. வெள்ளைக்கு மேல வந்து ஒட்டியிருந்தது. பூச்சுல ஒரு மயிரிழைகூட எடுக்காம அதை மட்டும் எடுத்திருக்கேன். யாரை வேணாலும் கூட்டிட்டு வந்து காட்டுங்க."

பூட்டு பேட்டை அவர் முகத்துக்கு நேரே தூக்கிக் காட்டினார்.

"டாக்டர் வண்டி" என்றார் பூட்டு.

கண்ணாடி தொட்டி விளிம்பில் உட்கார்ந்தார்.

"குழல்விளக்குல எல்லாம் நல்லாத்தான் தெரியும் சார். வெயில்ல கொண்டுபோய்ப் பார்த்தாத்தான் மெஷின் போன கோடு இருக்கா இல்லையான்னு புரியும். ஒவ்வொரு வண்டியையும் அப்படிப் பார்க்காம நான் கொடுத்ததில்ல. அன்னைக்கு லீவுதான். என்கிட்டயும் ஒரு சாவி இருக்கு. காலையில வெயில் சாய்வா விழும், கோடு இருந்தா காட்டிக் கொடுத்துடும். சும்மா ஒரு சுத்து போயிட்டு வரலாம்னு எடுத்தேன். நல்ல வெயில். பானெட்ல ஒரு கோடு இல்ல. அப்படியே தண்ணி மாதிரி இருந்துச்சு. மேகம் எல்லாம் அதுல போகுது. நான்..." அவர் நிறுத்தினார். "நான் ரோட்டைப் பார்க்கல சார். பானெட்டைப் பார்த்துட்டிருந்தேன்."

பூட்டுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். அவர் அதற்காகக் காத்திருந்தார். வரவில்லை.

"இறங்கினீங்களா?"

"இறங்கினேன்."

"முதல்ல எதைப் பார்த்தீங்க?"

கண்ணாடி தலையைத் தூக்கவில்லை.

"பம்பரை."

முதலாளியம்மா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அப்புறம்தான் அவர்கிட்ட போனேன். அசைவே இல்ல. பயந்துட்டேன். திரும்பி வந்துட்டேன். தேய்ச்சேன். பேட்டைக் கழுவினேன்."

"இதைத் தூக்கிப் போட்டிருந்தா நாங்க உங்ககிட்ட வந்திருக்கவே முடியாது" என்றான் ரேடியோ. அவன் குரலில் வழக்கமான துள்ளல் இல்லை.

"போடத்தான் குப்பைத்தொட்டி வரைக்கும் போனேன். மனசு வரல. அதுக்கு இன்னும் ஆயுசு இருக்கு."

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவருக்குக் காதில் விழுந்தது. முகத்தை மூடிக்கொண்டார்.

பூட்டு இன்னும் ஒன்றே ஒன்று கேட்டார். அவர் கேட்கவேண்டியிருந்தது அதுதான், மற்றதெல்லாம் போலீஸ் பார்த்துக்கொள்ளும்.

"வேகமா போயிட்டிருந்தாரா?"

"இல்ல சார். மெதுவா. ஓரமா. எனக்கு முன்னாடி போயிட்டிருந்தார்."

"முன்னாடின்னா? உங்களுக்கு எதிர்லயா?"

"எதிர்ல இல்ல. நான் போன பக்கமாவே. நான் வெயிலைப் பார்த்து ஊருக்கு வெளிய போயிட்டிருந்தேன், அவரும் அப்படியே."

பூட்டு அப்படியே நின்றார். மாப்பிள்ளையின் வேலையிடம் ஊருக்குள். வீடுதான் ஊருக்கு வெளியே. காலையில் அந்தச் சாலையில் அவர் ஊரை நோக்கிப் போயிருக்க வேண்டும். போலீஸும் அப்படித்தான் எழுதியது, பள்ளத்தில் கிடந்த ஸ்கூட்டருக்குத் திசை ஏது?

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"நல்லா ஞாபகம் இருக்கு சார். அவர் முதுகுதான் எனக்குத் தெரிஞ்சது. இப்பவும் அதுதான் தெரியுது."

ரேடியோ போலீஸுக்குப் பேசினான். வழக்கமாக ஒரு முன்னுரை, ஒரு கதை, ஒரு ஜோக் இல்லாமல் அவனுக்கு போன் பேச வராது. இன்று விலாசத்தைச் சொல்லிவிட்டு வைத்துவிட்டான். ஜீப் வரும்வரை நால்வரும் அங்கேயே இருந்தார்கள். முதலாளியம்மா அழுதாள். பூட்டு அந்தச் சின்னப் பேட்டைப் பிளாஸ்டிக் பையில் போடும்போது கண்ணாடி தன்னையறியாமல் கை நீட்டினார்.

"ஈரமா இருக்கு சார். குப்புற வெச்சு..." என்று ஆரம்பித்துப் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

பூட்டு மல்லாக்கவே வைத்துப் பையை மூடினார்.

வெளியே வெயில் ஏறியிருந்தது. தங்கை அதே இடத்தில், அதே பாட்டிலோடு. பூட்டு முன்சீட்டுக்குப் போகாமல் பின்கதவைத் திறந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். எதைச் சொல்வது, எதை விடுவது என்று கொட்டகையிலிருந்து வரும்போதே முடிவு செய்திருந்தார். பம்பர் விஷயத்தை அவளிடம் என்றைக்கும் சொல்லப்போவதில்லை.

"தானா விழலம்மா. ஒரு கார் பின்னால வந்து இடிச்சிருக்கு. ஓட்டினவர் ஒத்துக்கிட்டார்."

அவள் தலையாட்டினாள். முகத்தில் ஒன்றும் மாறவில்லை. அவளும் இவரைப் போலத்தான் மரத்துப்போயிருந்தாள், இவ்வளவு நாளும் அதைக்கூட இவர் கவனிக்கவில்லை.

"வேகமா ஓட்டியிருக்கார்ல? நான் சொன்ன கோபத்துல."

"இல்ல. மெதுவா, ஓரமாப் போயிருக்கார்." பூட்டு அவள் பக்கம் திரும்பினார். "இன்னொண்ணு. அவர் வேலைக்குப் போற பக்கம் போகல. மாப்பிள்ளை திரும்பி வந்துக்கிட்டிருந்தார்."

"எங்கே?"

"வீட்டுக்கு."

ரேடியோ சாவியைத் திருகப்போனவன் கையை எடுத்துக்கொண்டான். தங்கை ஜன்னல் வழியாகக் கடைவாசலில் நின்ற ஜீப்பைப் பார்த்தாள்.

"அன்னைக்குச் சாப்பாட்டு டப்பாவை மேசையிலேயே விட்டுட்டுப் போயிட்டார்" என்றாள். "அதை எடுக்கத்தான் வந்திருப்பார். எனக்காக இருக்காது."

இதைத் திறக்கப் பூட்டிடம் சாவி இல்லை, யாரிடமும் இருக்காது. ஏதாவது சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தார். வார்த்தைக்குப் பதிலாக வேறென்னவோ கிளம்பியது. கார் ஜன்னலை இறக்கிவிட்டு வெளியே பார்த்தார். கன்னத்தில் வழிந்தது சுடுவதுகூட இப்போது தெரிந்தது.

தங்கை அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எதுக்கா இருந்தா என்னண்ணா" என்றாள். "வந்தார்ல?"

பிறகு பாட்டில் மூடியைத் திறந்து, முதலில் அவரிடம் நீட்டினாள்.